அம்மாவுக்குத் தாமோதரா, அண்ணாவுக்கு ரோடு

நவம்பர் 10, செவ்வாய்

காலையில் லேசான குளிர். ஸ்டேஷன் வாசல் பூக்காரி ஸ்வெட்டரில். 8.42 தவறியது. அடுத்ததில் நிற்கத்தான் இடம். "ஜரா சர்கோ, பாயி" என்று நாலு பேர் சொல்ல, நாலு தடவை நகர்ந்து, கடைசியில் ஏறிய கதவுக்கே வந்து சேர்ந்தேன்.

வாங்க: அப்பாவுக்குப் பவுடர். காப்பிப்பொடி. பென்சில் இரண்டு. அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு ஸ்க்ரூ.

பார்க்க: வண்டி.

கடைசி வரியை எழுதிவிட்டு ஜன்னலோரம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கீழே காம்பவுண்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. பச்சை. ஒரு பார்ஸிக்காரர் அப்பாவுக்கு விற்ற பழைய சீமை வண்டி. மேலெல்லாம் இலை. மரம் தூங்குகிறது, வண்டி தூங்குகிறது, ஆபீசில் நானும் தூங்குகிறேன் என்று மானேஜர் அபிப்பிராயம்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வரை ஓடியது. விஜயதசமி காலை அப்பா குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நிமிஷத்தில். பூஜைக்காக அண்ணா, தான் குடியிருக்கும் கல்யாணிலிருந்து வந்திருந்தான், நல்ல வேளை. அப்பாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்திச் சாவியைத் திருப்பினால், சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. டாக்ஸியில்தான் போனோம். நாலு வாரம் ஆகப்போகிறது. அப்பா கட்டிலில், வண்டி மரத்தடியில்.

ஞாயிறன்று அண்ணா வந்து எல்லாம் தீர்மானித்துவிட்டுப் போனான். "அப்பாவுக்கு இப்போ ஒண்ணும் தெரியலே, ஜயா. 21ஆம் தேதி சனிக்கிழமை டாக்டரை அழைச்சிண்டு வரேன். புத்தி தெளிவில்லேன்னு எழுதிக் குடுத்துட்டார்னா எல்லாத்துலேயும் நானே கையெழுத்துப் போட்டுடலாம். வண்டியை வித்துடலாம், மாஹிம்ல ஒருத்தர் கேக்கறார். நீ அதுக்குள்ள அதைக் கிளப்பப் பாரு."

அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னான். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா கெட்டவன் இல்லை. அவசரக்காரன். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் அப்பா எதைச் சொன்னாலும் உளறல் என்றாகிவிடும். எனக்கு அதுதான் பயம். அப்பா உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றால் டாக்டர் ஒப்புக்கொள்வாரா?

நவம்பர் 11, புதன்

காதர் பாய் வந்தார் (இனி கா.பா.). கடையநல்லூர்க்காரர். தாராவியில் மாஹிம் பக்கம் ஷெட். அப்பாவையும் அவரையும் தவிர இந்த வண்டியை யாரும் தொட்டதில்லை.

முதலில் மாடிக்கு வந்தார். செருப்பை விட்டுவிட்டு நிலைப்படியிலேயே நின்றார். அவரைக் கண்டதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது. இடது கையை ஆட்டி, "ரோ… த்த… ர…"

"என்னய்யா சொல்லுதிய?"

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "தாமோதரான்னு சொல்றார், பாய். யார் வந்தாலும் பகவான் பேர்தான்."

நாலு வாரமாக இந்த ஒரே வார்த்தை. கூடவே இடது கை பூஜை அலமாரிப் பக்கம் நீளும். உடனே அம்மா விளக்கேற்றுவாள், துளசி ஜலம் கொடுப்பாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணாவுக்கு அது "ரோடு" என்று கேட்கிறது. வெளியே போகணுமாம். எனக்கு என்ன என்று கேட்கிறது? தெரியவில்லை. சுருக்கெழுத்து வகுப்பில் ஸார் சொல்லுவார்: காதில் விழுந்ததை எழுது, புரிந்ததை எழுதாதே. அதனால் தினமும் அப்பா சொல்வதில் சத்தத்தை மட்டும் குறித்து வைக்கிறேன், ஒரு சத்தத்துக்கு ஒரு கோடு. மூன்று கோடு. முதலிலும் முடிவிலும் ர. நடுவில் ஒன்று; நாக்கு தடித்திருப்பதால் த-வா ட-வா என்று சந்தேகம். பக்கம் பக்கமாக அதே மூன்று கோடு.

கீழே. கா.பா. விளக்கைப் போட்டுப் பார்த்தார். மங்கல், சுவாமி விளக்கு தேவலை. சாவியைத் திருப்பினால் 'டக்', அவ்வளவுதான்.

"பேட்டரி செத்துப் போச்சு. ஆனா இது இப்ப செத்தது. அன்னைக்குச் சுத்துச்சுன்னுதான சொல்லுதிய? அப்ப நோவு வேற எங்கயோ இருக்கு. மொதல்ல இதுக்கு உயிரு ஏத்திட்டு வாரேன்."

சைக்கிளில் கட்டி எடுத்துப் போனார்.

நவம்பர் 12, வியாழன்

ஆபீஸ் விட்டு வந்ததும் மாடி ஏறாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அப்பாவின் இடத்தில். ரெக்ஸின், பெட்ரோல், விபூதி, கொஞ்சம் மூக்குப்பொடி. கண்ணாடியெல்லாம் இலை ஒட்டி உள்ளே பச்சை வெளிச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சயான் தாண்டி, செம்பூர் தாண்டி, ஜனமே இல்லாத ஒரு ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அப்பா ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறார், நீளமாக, வாக்கியம் வாக்கியமாக. ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

கூர்க்கா கண்ணாடியைத் தட்டினான். "மேம்சாப், காடி பந்த் ஹை."

தெரியுமப்பா, ஓடாத வண்டிதான்.

முன்னால் இருக்கும் குமிழ்கள்: விளக்கு. வைப்பர். சோக். சோக் என்பது காலைக் குளிரில் கிளப்பும்போது இழுக்க வேண்டியது, கிளம்பியதும் உள்ளே தள்ள வேண்டியது. தள்ள மறந்தால் வண்டி கத்தும், புகையும். ஒருநாள் அப்பா, "சோக், சோக்" என்று சத்தம் போட, பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எதையோ இழுக்க, மழையில்லாத நாளில் வைப்பர் ஓடியது. அப்பா சிரித்து நான் பார்த்த நாலைந்து நாட்களில் அது ஒன்று.

நவம்பர் 13, வெள்ளி

புழுக்கம் திரும்பிவிட்டது. ஆபீசில் ஒரு சொல்லுக்குக் கோடு மறந்து முழித்தேன். சுருக்கெழுத்து அகராதி வேண்டும். அது கொலுவிருக்கிறது.

பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மணை. அதன் மேல் சரஸ்வதி பூஜையன்று அடுக்கிய புஸ்தகங்கள், மேலே பட்டுத்துணி, அதன் மேல் அப்பாவின் பேனா, ஒரு ஸ்பானர். மறுநாள் புனர் பூஜை செய்து, அடுக்கை வடக்கே துளி நகர்த்திவிட்டுத்தான் பிரிக்கலாம். அடுக்குவது, பிரிப்பது இரண்டும் அப்பா. கதவை ஒருக்களித்துக்கொண்டு தனியாக அடுக்குவார். என்னென்ன வைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் அடுக்கினார், பிரிக்கவில்லை.

"அம்மா, அகராதியை மட்டும் உருவிக்கறேனே."

"புனர் பூஜை ஆகாம தொடப்படாது."

"அண்ணாவைப் பண்ணச் சொல்லேன்."

"அவர் எழுந்து வந்து பண்ணட்டும். அதுவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

அம்மா அந்தத் துணியைத் தினம் தூசி தட்டுகிறாள். எடுக்காமல், மேலாக.

நவம்பர் 14, சனி

பேட்டரி வந்தது. விளக்கு எரிந்தது, ஹார்ன் அடித்தது, இரண்டாவது மாடி மாமி பால்கனிக்கு வந்து, "ஓடறதா?" ஓடவில்லை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சரியாக அன்றைக்கு மாதிரியே.

கா.பா. குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சித் துப்பினார். "பெட்ரோல் வருது. பழசுதான், ஆனா வருது." ஏதேதோ கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டினார். நான் ஸ்க்ரூக்களை முந்தானையில் வாங்கிக்கொண்டேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினார். இல்லை.

முந்தானையில் கறை. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

அண்ணா வந்தான். அம்மா அப்பாவுக்கு ஸஹஸ்ரநாமம் வாசித்துக்கொண்டிருந்தாள். தாமோதரன் வரும் இடத்தில் நிறுத்தி, அப்பா காதருகே குனிந்து, மறுபடி சொன்னாள். "நீங்க சொல்ற பேர், நீங்க சொல்ற பேர் வந்துடுத்து, சொல்லுங்கோ." அப்பா இடது கையால் புஸ்தகத்தைத் தட்டிவிட்டார். பிறகு அழுதார். குழந்தை மாதிரி, வாயைக் கோணிக்கொண்டு.

அண்ணா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டான். "பாத்தியா? பகவான் பேரைச் சொன்னா அழறார். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"வேற எதையோ சொல்ல வரார், அண்ணா."

"நீயும் உன் சொப்பனமும்."

சொப்பனம்தான். இருக்கட்டும். சாப்பிடாமல் போகிறேன் என்றவன் ரசஞ்சாதம் இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நவம்பர் 17, செவ்வாய்

அரை நாள் லீவு. கா.பா. சாயங்காலம் வந்தார். பிளக்கிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "திருப்புங்கம்மா." திருப்பினேன். "இன்னொருக்கா." திருப்பினேன். நீலமாக ஒரு பொறி தாண்டணுமாம். தாண்டவில்லை.

"கரண்டு இங்க வந்து சேரல. பேட்டரில இருக்கு, பெறகு எங்கயோ நின்னு போவுது. கரண்ட ஏத்தி அனுப்புற காயிலு மழைல ஊறிப் போயிருக்கும். வேற காயில் கொண்டு போட்டுப் பாக்கேன்."

"எப்போ?"

"சனிக்கிழம காலைல கிடைக்கும். இப்ப மஃரிபு தொழுகைக்கு நேரமாச்சு."

சனிக்கிழமை. பதினொரு மணிக்கு டாக்டர்.

மாடி ஏறும்போது நினைத்தேன்: அப்பாவுக்கும் இப்படித்தானோ. உள்ளே இருக்கிறது, நாக்குக்கு வந்து சேரவில்லை. எங்கே நிற்கிறது என்று பார்க்க யாராவது ஒரு வயரைக் கழற்றிப் பிடித்தால் தேவலை.

நவம்பர் 19, வியாழன்

கார்த்திகை. பால்கனிச் சுவர் மேல் பதினாறு அகல். நிலா பெரிதாக. அப்பாவை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து ஜன்னலோரம் நகர்த்தினோம். விளக்கைப் பார்ப்பார் என்று அம்மாவின் ஆசை. அப்பா கீழே வண்டியைப் பார்த்தார். மரம் இலைகளை மூடிக்கொண்டிருந்தது. நிலா வெளிச்சத்தில் பச்சை தெரியவில்லை, வெறும் சாம்பல் நிறமாக, ஏதோ பிராணி படுத்திருப்பது போல.

"ரோ… த்த… ர…" மெதுவாக. கோபமில்லாமல். கேட்டு அலுத்துப்போன மாதிரி.

மூன்று கோடு.

அப்பம் கொஞ்சம் கெட்டி. எண்ணெய் காயவில்லை.

தூக்கத்தில் வண்டி மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மா அதற்குக் கோலம் போட்டாள்.

நவம்பர் 20, வெள்ளி

மேகம். டிக்டேஷனில் மூன்று தப்பு. மானேஜர்: "வேர் ஆர் யூ, மிஸ் ஜயா?" சொன்னால் புரியாது.

நாளைக்கு என்ன சொல்வது டாக்டரிடம்? ஒத்திகை பார்த்தேன். எல்லாமே "எனக்குத் தோன்றுகிறது" என்றுதான் முடிகிறது.

நவம்பர் 21, சனி

விடிந்ததும் எழுந்து தலைக்கு ஸ்நானம். எதற்கென்று தெரியவில்லை. எட்டு மணிக்கு கா.பா. காயிலோடு வந்தார். மாட்டினார். சுற்றினார். இல்லை.

காம்பவுண்டுக் கல் மேல் உட்கார்ந்து ஒரு பீடி முழுக்கக் குடித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ஒன்பதாகப் போகிறது.

"ஒரு எடம் மட்டும் நான் தெறந்து பாக்கல, பாத்துக்கிடுங்க. ஜூன் மாசம் நானே புதுசு போட்டேன். என் கை வேலதானன்னு விட்டுட்டேன்."

எஞ்சினுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு மூடி. இரண்டு கிளிப். தட்டினார், தூக்கினார், பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"என்ன பாய்?"

"இங்க ஒரு சாமான் இருக்கணும். கட்டவெரல் பெருசு. தலைல பித்தளத் தகடு. அது சுத்துனாத்தான் ஒவ்வொரு பிளக்குக்கா கரண்டு போவும். யாரோ உருவிருக்காவ." முகம் வாடிவிட்டது. "ஒங்க அண்ணன் என்னயத்தான் சொல்லுவாவ."

"அதுக்குப் பேர் என்ன?"

"ரோட்டரு."

என் விரல் தானாக இடது உள்ளங்கையில் எழுதியது. வேலைப் பழக்கம், எந்தச் சொல் காதில் விழுந்தாலும் எழுதும். ர. ட. ர. மூன்று கோடு.

எப்படி மாடி ஏறினேன் என்று நினைவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அதுதான். அப்பா கட்டிலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டரா, அப்பா?" என்றேன்.

அப்பா கண்ணை மூடினார். திறந்தார். இடது கை பூஜை அலமாரிப் பக்கம் நீண்டது. அலமாரிக்கு இல்லை. அதற்குப் பக்கத்து மணைக்கு. ஐந்து வாரமும் மணைக்குத்தான்.

அம்மா விளக்குத் திரியோடு நின்றாள். சொன்னேன். வண்டியைத் தூக்கிப் பூஜையில் வைக்க முடியாது. அதனால் அதற்குப் பதிலாக ஒரு துண்டை வைத்திருக்கிறார். மறுநாள் எடுத்து மாட்டுவதற்குள் விழுந்துவிட்டார். அதைத்தான் சொல்கிறார்.

அம்மா அப்பாவின் நீண்ட கையைப் பார்த்தாள், மணையைப் பார்த்தாள். பிறகு, "தாமோதரா இல்லையா?"

"இல்லேம்மா."

"நாலு அஞ்சு வாரமா நான் துளசி ஜலத்தை ஊத்திண்டே இருந்தேனே, ஜயா. சொல்லச் சொல்ல ஊத்தினேனே." திரியைக் கீழே வைத்தாள். "அவர் எழுந்து வந்து பண்ணட்டும்னேன். அவரால வர முடியாது. இது போகட்டும் அவர்கிட்ட."

மணையோடு தூக்கினாள். அகராதி, ராமாயணம், என் பள்ளிக்கூட அட்லஸ், எல்லாம் சேர்ந்த கனம். என்னைத் தொடவிடவில்லை. கட்டில் மேல் வைத்து, ஒரு வாழைப்பழம் நிவேதனம் காட்டி, அப்பாவின் இடது கையை எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள். அப்பா தள்ளினார். வடக்கே, துளி. அம்மா பட்டுத்துணியை எடுத்தாள்.

என் அகராதிக்கும் ராமாயணத்துக்கும் நடுவில். சருகாகிப் போன வெற்றிலையில் பொதிந்து. சந்தனம், குங்குமம் எல்லாம் காய்ந்து, கறுப்பாக, கட்டைவிரல் அளவில்.

கா.பா. நிலைப்படியில் நின்றிருந்தார். "ஒருக்கா எங்கிட்ட கேட்டாவ. பாய், இந்த வண்டிக்கு உயிரு எங்க இருக்குன்னு. நான் இதத்தான் காட்டுனேன். மறந்தே போச்சு." தலையில் அடித்துக்கொண்டார். "அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்தே சொன்னாவளே."

அப்பா அதை இடது கையில் எடுத்துக்கொண்டார். கா.பா. கையை நீட்டினார். அப்பா உடனே கொடுக்கவில்லை. கட்டைவிரலால் பித்தளைத் தகட்டிலிருந்த சந்தனத்தைச் சுரண்டினார். வேஷ்டியில் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் இருந்தது, மறுபடியும் துடைத்தார். சந்தனம் ஒட்டியிருந்தால் கரண்டு போகாது என்று, ஒன்றும் தெரியாதவருக்குத் தெரிந்திருந்தது. பிறகுதான் கொடுத்தார். நான் அழுதேன். அம்மாவும்.

கா.பா. கீழே பிளக் எல்லாம் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கும்போதே, பதினொன்றுக்கு அண்ணாவும் டாக்டரும். அண்ணாவிடம் வாசலிலேயே சொல்லப் பார்த்தேன். "அப்பறம், அப்பறம்" என்றான். டாக்டர் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார், பேனாவைத் திறந்தார். "ஸார், உங்க பேர் என்ன, சொல்லுங்கோ." அப்பா அவரைப் பார்க்கவேயில்லை. காதைக் கீழ்ப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். "ஸார்? இன்னிக்கு என்ன கிழமை?"

கீழே சுற்றும் சத்தம். ஒரு தரம். இரண்டு தரம். பிடித்துக்கொண்டது.

காம்பவுண்டே அதிர்ந்தது. காக்காய் எல்லாம் கிளம்பின. ஜன்னல் வழியே நீலமாகப் புகை. வண்டியின் கத்தல் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் நெற்றி சுருங்கிற்று. "சோ…" என்றார். "சோ… சோ…"

டாக்டர் எழுதப் போனார். அண்ணா குனிந்து, "என்னப்பா, சோறா?"

அம்மா அதற்குள் பால்கனிக்குப் போய்விட்டிருந்தாள். கைப்பிடிச் சுவருக்கு மேல் பாதி உடம்பை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"பாய், சோக்கை உள்ளே தள்ளுங்கோ. அவர் சொல்றார்."